மூளையின் காவலரும் மலையகத்து மக்களும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எமக்கு எழுதியபோது, சங்கச் சான்றோரைப் பற்றியோ சமய குரவரைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் ஒருவரிடம் வேறெதனை எதிர்பார்த்தல் கூடும்? ஆயினும், இம்முறை யாம் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமன்று. மனித மூளைக்குள்ளே காவல் புரியும் நுண்ணிய கலங்களும், அக்கலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராயும் புதுமுறையுமே அப்பொருள். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் ஒன்றன்றி வேறு பட்டம் எதுவும் இல்லாத எமக்கு இதிலே என்ன தகுதி என்று அன்பர்கள் வினவலாம். தகுதி யாதுமில்லை, தேவை உண்டு. அத்தேவை நேர்ந்த வகையை முதலிற் கூறுவோம்.

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பெருவழியினின்று விலகி, நமுனுகுலை மலை கண்ணெதிரே தோன்றும் தோட்டமொன்றிலே எம் பாடசாலை அமைந்துள்ளது. அங்கே உயர்தர வகுப்பிற் கற்பவள் ஒரு மாணவி. உயிரியல் கற்க வேண்டுமென்பது அவள் அவா. எம் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இன்மையால் கலைப்பிரிவிற் சேர்ந்து, எம்மிடம் தமிழ் கற்கின்றாள். சென்ற ஆண்டில் மூன்று வாரமாக அவள் வகுப்புக்கு வரவில்லை. ஒருநாட் பிற்பகல், நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற நூலைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வராமைக்குக் காரணம் வினவினோம்.

“அப்பாயியப் பாத்துக்க ஆளில்ல, சேர். அம்மா கொழுந்துக்குப் போகணும். அப்பா கொழும்புல.”

“அப்பாயிக்கு என்ன செய்கிறது, மகள்?”

“என்னயத் தெரியல, சேர். ராத்திரி மூணு மணிக்கு எழும்பி, படங்கைக் கட்டிக்கிட்டுக் கூடையத் தேடுறாங்க. பெரட்டுக்கு நேரமாச்சுங்கிறாங்க. செத்துப்போன கங்காணியக் கூப்பிடுறாங்க. மூளையில பூச்சி அரிக்குதுன்னு லயத்துல சொல்றாங்க. அது மெய்யா, சேர்?”

“வயசு போனால் அப்படித்தான், மகள்” என்று கூறி அவளை அனுப்பிவிட்டோம். கேட்ட வினாவுக்கு விடையறியாத ஆசிரியன், விடையறிந்தவன்போல வாயடைத்த குற்றத்தை அன்று செய்தோம். மறு வாரத்திலே அம்மூதாட்டி நள்ளிரவிற் காம்பராக் கதவைத் திறந்து மலைக்குச் சென்றுவிட்டார். விடிந்தபின், தேயிலைச் செடிகளுக்கு இடையேயுள்ள கானொன்றிலே பனியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவரைக் கண்டெடுத்தனர். உயிர் தப்பியது. கோடங்கியை அழைத்துப் பேயோட்டவேண்டும் என்று சிலர் கூறினர். அந்நிலையிலேதான் எம் பொறுப்பு எமக்கு உறைத்தது. இக்கல்லூரியில் எம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து கற்று, இன்று வேறொரு பாடசாலையில் உயிரியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரை நாடிச் சென்றோம். பல ஞாயிற்றுக்கிழமைகள் அவர் எமக்கு ஆசிரியரானார். அவரிடம் கற்றவற்றையும், அவர் காட்டிய நூல்களில் யாம் பயின்றவற்றையும், அவற்றால் எம் உள்ளத்தில் எழுந்த கருத்துக்களையும் இம்மலரின் வாயிலாகப் பழைய மாணவர் முன் வைக்கின்றோம்.

முதலாவதாக அறியத்தக்கது, முதுமையும் மறதி நோயும் ஒன்றல்ல என்பது. மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறத்தல் முதுமை. மூக்குக்கண்ணாடி எதற்கென்பதையே மறத்தல் நோய். இந்நோய்க்குக் காரணங்கள் பல. அவற்றுட் பெரும்பான்மையானது, ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906 ஆம் ஆண்டிலே எடுத்துரைத்த நோயாகும். இறந்த பெண்ணொருத்தியின் மூளையை நுணுக்குக்காட்டியில் நோக்கிய அவர், நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே சிக்குண்ட நார்களையும் கண்டார். பூச்சி எதனையும் காணவில்லை, பேயையும் காணவில்லை. மறதியுட் சில, தைரொயிட்டுச் சுரப்பியின் குறைவாலும், விற்றமின் பி-12 குறைவாலும், உளச்சோர்வாலும் வருவன. அவை மருத்துவத்தால் திருந்தக்கூடியவை. ஆதலின், ‘வயசு போனால் அப்படித்தான்’ என்று சொல்லி வாளாவிருப்பது, தீரக்கூடிய நோயையும் தீராமல் விடுவதாகும். எம் வாயால் யாம் சொன்னதை எம் கையாலேயே ஈண்டு அழிக்கின்றோம்.

இரண்டாவதாக அறியத்தக்கது, மூளைக்கெனக் காவலர் உண்டு என்பது. குருதியிலுள்ள வெண்கலங்கள் நோய்க்கிருமிகளோடு போரிடுவதை நாம் பாடப்புத்தகங்களிற் படித்திருக்கின்றோம். மூளையோ குருதிக்கும் தனக்கும் இடையே தடுப்பொன்றை அமைத்துக்கொண்டு தனித்திருப்பது. அதனுள்ளேயே தங்கிக் காவல் புரியும் நிர்ப்பீடனக் கலங்களுக்கு மைக்குரோகிளியா என்று பெயர். அவற்றைத் தெளிவாக வேறுபடுத்திக் காட்டியவர், ஸ்பானிய அறிஞர் பியோ தெல் ரியோ ஒர்த்தேகா ஆவார், ஆண்டு 1919. இக்கலங்கள் தம் மெல்லிய கிளைகளை ஓயாது நீட்டியும் மடக்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்க்கின்றன. இறந்த கலங்களை விழுங்குகின்றன. வளரும் மூளையிலே வேண்டாத நரம்பு இணைப்புக்களைக் கத்தரிக்கின்றன. தோட்டத்தைக் காப்பதும் கவ்வாத்து வெட்டுவதும் இவற்றின் தொழில் என்று எம் மாணவர்க்குச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்வர்.

இவை எங்கிருந்து வந்தன என்பதை 2010 ஆம் ஆண்டிலே எலிகளில் நிகழ்ந்த ஆராய்ச்சி தெளிவாக்கிற்று. அதனை முன்னின்று நடத்தியோருள் ஒருவரான புளோரென்ற் ஜின்கோ சிங்கப்பூரிற் பணியாற்றியவர். மைக்குரோகிளியா மூளையிற் பிறந்தவை அல்ல. பிற்காலத்தில் என்புமச்சையிலிருந்து வந்தவையும் அல்ல. கரு மிகச் சிறிதாயிருக்கும் நாட்களில், அதனோடு ஒட்டிய மஞ்சட்கருப் பையிலே தோன்றி, மூளையைச் சூழும் தடுப்பு அமையுமுன்னரே பயணம் செய்து உள்ளே குடியேறியவை. பின்னர் அங்கேயே பெருகி, வாழ்நாள் முழுவதும் அம்மூளையையே காப்பவை. அவற்றை மூளைக்கு அயலவை என்று இன்று எந்த அறிஞரும் கூறார். இதனைப் படித்த இரவில் எமக்கு நித்திரை வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக் காட்டுக்கு வந்து, பின்னர் தேயிலையை நட்டு, இம்மலைகளையே தம் ஊராகக் கொண்ட மக்களை 1948 ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றவராக்கியதும், 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை அவ்வினை முற்றாகத் தீராதிருந்ததும் எம் நினைவுக்கு வந்தன. இயற்கை குடியேறியவரைக் காவலராக ஏற்றுக்கொண்டது. மனிதர் சட்டத்துக்கு அவ்வறிவு வர ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இனி, புதுமுறைக்கு வருவோம். ஒரு மூளையிழையத்தில் நரம்புக் கலம், தாங்கு கலம், காவற்கலம் எனப் பலவகைக் கலங்கள் பின்னிக் கிடக்கின்றன. முன்னாளில் அவ்விழையத்தை ஒன்றாக அரைத்து, அதிலுள்ளவற்றை அளந்தனர். கிடைத்த விடை எல்லாக் கலங்களுக்கும் பொதுவான சராசரி. ஒரு தோட்டத்துக் கொழுந்து முழுவதையும் ஒன்றாக வாட்டி, அரைத்து, அதன் சாயத்தைக் குடித்துப் பார்ப்பவன், எந்த மலையின் எந்தச் செடி நோயுற்றது என்று எவ்வாறு கூறுவான்?

கொழுந்து மடுவத்தில் நடப்பதை நோக்குங்கள். அங்கே ஒவ்வொருத்தியின் கொழுந்தும் தனித்தனியே நிறுக்கப்படுகின்றது. செக்ரோலில் அவள் பேருக்கு நேரே பதியப்படுகின்றது. அதன் பின்னரே எல்லாம் லொறியிற் கலக்கின்றன. பேர் எழுதியபின் கலந்தால் நட்டமில்லை. கலந்தபின் பேர் எழுத முடியாது. தனிக்கல ஆராய்ச்சியின் உள்ளுறையும் இதுவே.

நம் உடலிலுள்ள கலங்களுள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் பரம்பரையலகுகள் ஒன்றே. எனினும், இன்ன வேளையில் இன்ன அலகு ஏவப்படவேண்டும் என்பது கலத்துக்குக் கலம் வேறுபடும். அந்த ஏவல்களைச் சுமந்து செல்லும் துண்டுகளே தூது ஆர்.என்.ஏ. என்பன. ஒரு கலத்திலுள்ள துண்டுகளைப் படித்தால், அக்கலம் அவ்வேளையில் என்ன வேலை செய்தது என்பது புலப்படும். 2009 ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜில், தனியொரு கலத்தின் துண்டுகளை முழுமையாகப் படிக்கும் முறை முதன்முறை நிறைவேறிற்று. 2015 ஆம் ஆண்டிலே ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த இரு குழுவினர், ஆயிரக்கணக்கான கலங்களை ஒரே வேளையிற் படிக்க வழி கண்டனர். எண்ணெயினுள்ளே மிகச் சிறிய நீர்த்துளிகளை ஓடவிட்டு, துளியொன்றில் கலமொன்றும் நுண்மணியொன்றும் அகப்படுமாறு செய்தனர். ஒவ்வொரு மணியிலும் டி.என்.ஏ. எழுத்துக்களாலான தனிக்குறி ஒன்றுண்டு. துளிக்குள்ளே கலம் உடைய, அதன் துண்டுகள் மணியில் ஒட்டிக்கொள்ளும். படியெடுக்கும்போது குறியும் உடன் சேரும். அதன்பின் யாவற்றையும் ஒன்றாய்க் கலந்து படித்தாலும், இன்ன துண்டு இன்ன கலத்துக்குரியது என்று கணினி பிரித்துவிடும். மடுவத்துக் கணக்கப்பிள்ளை செய்வதும் இதுவன்றி வேறென்ன?

இம்முறையாற் கண்டது யாது? முன்னர், மைக்குரோகிளியாவுக்கு ஓய்வு, கிளர்ச்சி என்னும் இரு நிலைகளே உண்டென்று பெரும்பாலும் கருதினர். 2017 ஆம் ஆண்டிலே, இஸ்ரவேல் நாட்டின் வைஸ்மன் விஞ்ஞானக் கழகத்தில், இடோ அமித், மிக்கால் சுவார்ட்ஸ் ஆகியோரின் குழுவினர், அல்சைமர் நோய்க்கு ஒப்பான குறைபாடு உண்டாக்கப்பட்ட எலிகளின் மூளையிலிருந்து நிர்ப்பீடனக் கலங்களைத் தனித்தனியே ஆராய்ந்தனர். நோய்ப்படிவுகளைச் சுற்றித் திரண்டு நிற்கும் தனியொரு வகை நிலையினைக் கண்டனர். அந்நிலையைக் காவலர் இரு படிகளில் அடைகின்றனர் என்றும், இரண்டாம் படிக்கு ட்ரெம்-2 என்னும் புரதம் வேண்டும் என்றும் அறிந்தனர். அப்புரதத்துக்குரிய பரம்பரையலகில் அரிதாக நிகழும் மாற்றமொன்று அல்சைமர் நோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றது என்பது 2013 ஆம் ஆண்டிலேயே மனிதரிடத்து அறியப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குங்கால், காவலர் வெறும் பார்வையாளரல்லர் என்பது தெளிவு. அவர்கள் உரிய வேளையில் உரியவாறு திரண்டால் நன்மை. தவறினாலும் எல்லைமீறினாலும் தீமை.

மனித மூளைக்கு வருவோம். உறைந்த இழையத்திற் கலங்கள் உடைந்துவிடுமாதலின், அவற்றின் கருக்களை மட்டும் பிரித்து ஆராய்வர். 2019 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தார் 48 பேரின் மூளையிழையத்திலிருந்து 80,660 கருக்களைப் படித்து வெளியிட்டனர். அம்மூளைகள் யாருடையவை? தாம் இறந்தபின் மூளையை ஆராய்ச்சிக்குத் தருவதாக உயிருடனிருக்கையில் உடன்பட்டு, ஆண்டுதோறும் தம் நினைவாற்றலைச் சோதிக்கவும் இடங்கொடுத்த கத்தோலிக்கத் துறவியருடையவை. தேவர்க்குப் படைக்கலமாகத் தன் முதுகென்பை ஈந்த ததீசி முனிவரின் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம். அக்கொடைக்கு இக்காலத்து உரை இதுவென்று கொள்ளலாம்.

இவ்விடத்து நடுநிலை தவறாது ஒன்று கூறவேண்டும். இம்முறைக்குக் குறைகளும் உள. இழையத்தினின்று பிரிக்கும்போது கலம் தன் இடத்தை இழக்கின்றது. அதன் அயலில் யார் நின்றார் என்பது தெரியாமற் போகின்றது. அன்றியும், உயிருள்ள காவற்கலங்களை நொதியமிட்டுப் பிரிக்கும் செயலே அவற்றைக் கலவரப்படுத்திவிடும். அக்கலவரத்தை நோயின் குறியென்று மயங்கவும் கூடும். எலியின் காவலரும் மனிதரின் காவலரும் எல்லாவற்றிலும் ஒத்தவரல்லர். எனவே, தனிக்கல ஆராய்ச்சியால் மறதி நோய் நாளை தீர்ந்துவிடும் என்று யாரும் எண்ணற்க. நோய்ப்படிவைக் குறைக்கும் லெக்கனெமாப் என்னும் மருந்துக்கு 2023 ஆம் ஆண்டிலே அமெரிக்கா முழு அனுமதி வழங்கியது. அதுவும் நோயின் தொடக்கநிலையில், அதன் வேகத்தைச் சிறிது குறைப்பதே. மூளையில் வீக்கமும் குருதிக்கசிவும் உண்டாக்கவல்லது. ஆகவே, ‘மூளைக் கலத்தைப் புதுப்பிக்கும் அரிய மருந்து’ என்று போத்தலோடு லயத்து வாசலுக்கு எவனேனும் வந்தால், அவனை நம்பவேண்டாம்.

இதுவரை கூறியது விஞ்ஞானம். இனிக் கூறுவது எம் கருத்து.

2016 ஆம் ஆண்டிலே இலண்டனிற் கூடிய அறிஞர்கள், மனிதவுடலின் எல்லாவகைக் கலங்களுக்கும் படமொன்று வரையும் பெருமுயற்சியைத் தொடங்கினர். ஆசிய மக்களின் நிர்ப்பீடனக் கலங்களுக்கான பகுதி 2025 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. இந்தியா, சிங்கப்பூர், யப்பான், தென்கொரியா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் 619 பேரின் குருதியிலிருந்து பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கலங்கள் ஆராயப்பட்டன. இனம், வயது, பால் என்னும் வேற்றுமைகளுக்கு ஏற்பக் கலங்களும் வேறுபடுகின்றன என்பது அதனாற் புலனாயிற்று. அது குருதிக்குரியது, மூளைக்குரியதன்று. எனினும் அதன் பாடம் ஒன்றே. எண்ணப்படாத மக்களுக்கு, எண்ணப்பட்ட மக்களின் அளவே விதியாகும். அவ்வைந்து நாடுகளுள் இலங்கை இல்லை.

நம் அயலில் முயற்சி இல்லாமலில்லை. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்திலே 1995 ஆம் ஆண்டு முதல் மனித மூளை வங்கியொன்று இயங்கிவருகின்றது. சென்னையில், இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள மனித மூளையின் 5,132 நுண்வெட்டுக்களைக் கலமளவு தெளிவோடு படமாக்கி, 2024 ஆம் ஆண்டிலே ‘தரணி’ என்னும் பெயரால் உலகோர்க்கு இலவசமாக வழங்கியது. அது தனிக்கலத் துண்டுகளைப் படிப்பதன்று. கலங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்பதைக் காட்டுவது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால் இரண்டும் வேண்டற்பாலன. எம் மக்களின் பாட்டனார் எந்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தனரோ, அந்நாட்டின் தலைநகரிலே இவ்வேலை நடக்கின்றது என்பது பதுளையிலுள்ள பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

‘குடிநீர்ப் பீலி வற்றிக் கிடக்கும் லயத்துக்கு, மூளைக் கலத்தின் கணக்கு எதற்கு?’ என்று கேட்போர் உளர். அக்கேள்வியை யாம் இகழவில்லை. 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29 ஆந் திகதி, கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே லயங்கள் மண்ணுள் மறைந்ததைக் கண்ட மாவட்டம் எம்முடையது. முதலில் வீடு, நீர், வழி, மருந்து. இதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், ‘உனக்கு இது போதும்’ என்று பிறர் அளந்து தருவதை ஏற்றுப் பழகிய மக்கள், அறிவையும் அளந்து பெறுதல் தகுமா? வயிற்றுக்கு வேண்டியது வரும்வரை அறிவுக்கு வேண்டியதை ஒத்திவைத்தால், இரண்டும் வாராமலே போவதை நாம் கண்டிருக்கின்றோம்.

மற்றொன்றும் உண்டு. ஆராய்ச்சியாளர் ஒருநாள் எம் மலைகளுக்கும் வருவர், குருதி கேட்பர், இறந்தபின் இழையமும் கேட்பர். வருதல் நன்றே. அப்பொழுது எம் மக்கள் எதனை அறிந்து உடன்படுவர்? 1951 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஹென்றியெற்றா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கலங்கள், அவரிடம் கேளாமலே எடுக்கப்பட்டன. அக்கலங்கள் உலகெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளிற் பெருகி மருத்துவத்தை வளர்த்தன. அவர் குடும்பமோ பல ஆண்டுகள் அதனை அறியாதிருந்தது. 2023 ஆம் ஆண்டிலேதான் நிறுவனமொன்று அவர்களோடு இணக்கத்துக்கு வந்தது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட கடதாசிகளிற் கைந்நாட்டு வைத்துப் பழகியவர் எம் முன்னோர். தம் ஊரும் பேரும் மாறும் பத்திரங்களிலும் அவ்வாறே வைத்தனர். இன்னொரு கைந்நாட்டு அவ்வாறு வைக்கப்படலாகாது. தானம் என்பது அறிந்து கொடுப்பது. அறியாமற் கொடுத்தது தானமாகாது, பறிகொடுத்ததாகும்.

ஆதலின், இவ்விஞ்ஞானம் தமிழிற் சொல்லப்படல் வேண்டும். ‘தமிழிற் சொல்ல முடியுமா?’ என்று யாரும் கேட்க வேண்டாம். 1847 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அமெரிக்கர் ஒருவருக்கு அன்று இயன்றது, தமிழராகிய எமக்கு இன்று இயலாதா? கலம், இழையம், நொதியம், நிர்ப்பீடனம், நுணுக்குக்காட்டி என்னும் சொற்களெல்லாம் இந்நாட்டுப் பாடப்புத்தகங்களில் உழைத்து ஆக்கப்பட்டவை. சொல் இருக்கின்றது; சொல்வார் தாம் குறைவு. இக்குறையில் தமிழாசிரியருக்கும் பங்குண்டு. பழம்பாடலுக்குப் பதவுரை கூறுவது மட்டுமே எம் கடன் என்று இருந்துவிட்டோம்.

இவ்வளவில், மருத்துவரின் வேலையன்றி ஆசிரியரின் வேலை யாது என்று கேட்போர்க்கு ஒன்று கூறுவோம். 2024 ஆம் ஆண்டிலே லான்செற்று என்னும் மருத்துவ ஏட்டின் ஆணைக்குழு, மறதி நோயில் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கு, பதினான்கு காரணிகளைத் திருத்துவதால் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடியது என்று கூறியது. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல், மிகுமது, தலையிற்படும் அடி, செவிப்புலன் குறைவு, கண்பார்வைக் குறைவு, தனிமை, வளிமாசு என்பன அவற்றுட் சில. அவ்வரிசையில் வாழ்நாளின் தொடக்கத்திலேயே நிற்பது எது தெரியுமா? இளமையிற் கல்வி குறைதல். இன்று பத்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டு விலகும் பிள்ளைக்கு நாம் இழைக்கும் குறை, அதன் எழுபதாம் வயதிலே மூளையிற் கணக்குக் கேட்கும். ஆகவே, தோட்டப் பாடசாலைக் கதவைத் திறந்து வைப்பதும் மூளை நோய்க்கு மருந்தே. அம்மருந்து நம் கையிலுள்ளது, கடல்கடந்து வரவேண்டியதில்லை.

அப்பாயியைக் காப்பதற்காக எம் மாணவி கல்வியை விட்டாள். ஒரு தலைமுறையின் மறதி அடுத்த தலைமுறையின் கல்வியை விழுங்க, கல்வியின் குறை மீண்டும் மறதிக்கு வழிகோலுகின்றது. இவ்வளையத்தை ஓரிடத்திலாவது வெட்டவேண்டும்.

யாம் செய்தது சிறிது. அம்மூதாட்டியை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல உடன் சென்றோம். குருதியமுக்கம் மிகுந்திருந்தது, அதற்கு மருந்து நடக்கின்றது. மறதி மீளவில்லை. லயத்திலே வேலையிலிருந்து ஓய்ந்த பெண்கள் நால்வர், முறை வைத்து அவரோடு இருக்க உடன்பட்டனர். பழைய கூடையொன்றைக் கையிற் கொடுத்துவிட்டால் அவர் அமைதியாயிருக்கின்றார் என்பதைக் கண்டுபிடித்தவர்களும் அப்பெண்களே. எம் மாணவி இப்பொழுது வாரத்தில் நான்கு நாள் வகுப்புக்கு வருகின்றாள்.

அவள் மீண்டு வந்த அன்று, முன்னர்ச் சொல்லத் தவறிய விடையைச் சொன்னோம்.

“பூச்சி இல்லை, மகள். மூளைக்குள்ளே காவற்காரர் இருக்கிறார்கள். அவர்கள் வேலை பிசகிப்போனாலும் இப்படி வருமாம்.”

அவள் சிறிது யோசித்தாள். “எல்லாக் காவக்காரங்களும் ஒரே மாதிரியா, சேர்? இல்ல, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரியா?”

உலகின் பெரிய ஆராய்ச்சிச் சாலைகள் கோடிக்கணக்கான பொருளைச் செலவிட்டுக் கேட்டுவரும் வினா அதுவே. அதனைத் தேயிலை மலையிலே ஒரு பிள்ளை தானாகக் கேட்டாள். அவளுக்குக் கற்க ஒரு விஞ்ஞான வகுப்பு இல்லை. ஊவா மாகாணத்துத் தோட்டப் பிள்ளைகள் இத்தனை பேர் சித்தி, இத்தனை பேர் தவறல் என்று சராசரி எழுதுவோர் கணக்கிலே, அவ்வினாவுக்கு இடமில்லை. அரைத்துக் கலந்த இழையத்திலே தனிக்கலம் மறைவதுபோல, அவளும் அச்சராசரியுள் மறைந்துவிடுவாள். ஒவ்வொன்றாக எண்ணினாலன்றி உண்மை புலப்படாது என்பது மூளைக் கலத்துக்கு மட்டுமா பொருந்தும்?

பழைய மாணவராகிய அன்பர்களே, விழா எடுக்கும் இவ்வாண்டில் உங்களிடம் மூன்று வேண்டுகின்றோம். மருத்துவராயும் உயிரியல் ஆசிரியராயும் இருப்போர், ஆண்டுக்கொரு சிறுநூலாவது எளிய தமிழில் எழுதுங்கள். மொழிபார்க்கும் பணியை எம்மிடம் விடுங்கள். விடுமுறை நாட்களிற் பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளைப் பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளுக்கு வந்து விஞ்ஞானம் கற்பியுங்கள். தங்க இடமும் உண்ண உணவும் எம் பொறுப்பு. ஆராய்ச்சித் துறையில் இருப்போர், எம் மக்களிடம் குருதி கேட்டு வரும் நாளிலே, விளக்கத்தைத் தமிழிற் கொணர்ந்து, வாசித்துக் காட்டி, வினவ இடங்கொடுத்து, அதன் பின்னரே கையொப்பம் கேளுங்கள்.

கட்டடமும் மண்டபமும் எழுப்புதல் நன்றே. அவற்றோடு இதனையும் செய்தால், நம் கல்லூரி ஈந்த கல்வி மலையேறிச் சென்று பயன்பட்டது என்னும் மனநிறைவு நமக்கு உண்டாகும். வினாவைக் கேட்டவள் காத்திருக்கின்றாள். ‘வயசு போனால் அப்படித்தான்’ என்னும் விடையை இன்னொரு முறை அவளுக்குச் சொல்ல எமக்கு வாய் வாராது.

கல்லூரி நீடு வாழ்க. அதன் கல்வி மலையகமெங்கும் பரவுக.